சூடோ போட்டும் திறக்காத கீபோர்டு

லினக்ஸுக்குக் கீபோர்டும் ஒரு கோப்புதான். 'டெவ்' அடைவுக்குள் இருக்கும் 'இன்புட்' அடைவில் ஈவன்ட்0, ஈவன்ட்1 என்று வரிசையாகக் கிடக்கும். எந்த விசையைத் தட்டினீர்கள், எப்போது தட்டினீர்கள் என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே வருகிறது. விர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரில், விண்டோஸ் ஓட்டுகிற சிலர் இந்தக் கோப்பையே நேராக அந்த மெஷினை ஓட்டும் க்யூஎம்யூ என்ற நிரலிடம் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கன்ட்ரோல் விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் கீபோர்டு அந்த மெஷினுக்குள்ளே போகும், மறுபடி அழுத்தினால் வெளியே வரும். நல்ல வசதி, ஓடினால்.

முதல் தடவை பெரும்பாலும் ஓடாது. வரும் பிழைச் செய்தியின் வார்த்தைகளை அப்படியே படியுங்கள், பாதி விடை அதில் இருக்கிறது.

'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் கோப்பின் உரிமையைப் பாருங்கள். உரிமையாளர் ரூட் (கணினியின் நிர்வாகி), குழு இன்புட், மற்றவர்களுக்கு எதுவும் கிடையாது. பக்கத்திலேயே '13, 67' என்று இருக்கும்: 13 உள்ளீட்டுச் சாதனங்களின் எண், ஈவன்ட் கோப்புகளின் எண் 64-இல் தொடங்குவதால் 67 என்பது 64-உடன் 3, அதாவது ஈவன்ட்3. உடனே நம் பெயரை இன்புட் குழுவில் சேர்க்கத் தோன்றும். சேர்த்தும் பயனில்லை. உபுண்டுவில், மெஷின்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் என்ற மென்பொருள் அந்த மெஷினை 'லிப்வர்ட்-க்யூஎம்யூ' என்ற தனிப் பயனர் பெயரில் ஓட்டுகிறது. நீங்கள் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தோடு, தொடங்கினாலும் அப்படித்தான். போதாததற்கு, குழுவில் சேர்ந்துவிட்டால் இனி நீங்கள் திறக்கும் எந்த நிரலும் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைப் படிக்கலாம். நிரல்களுக்குக் கட்டுப்பாடு போடும் ஆப்ஆர்மர் தடுத்தாலும் இதே செய்திதான் வரும், கெர்னல் பதிவுகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளையில் தடயம் இருக்கும்.

'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' வேறு கதை. எந்த நிரல் எந்தச் சாதனத்தைத் தொடலாம் என்று கெர்னல் கட்டுப்படுத்தும் சிகுரூப் (cgroup) பட்டியலில் அந்தச் சாதனம் இல்லையென்றால் ரூட்டுக்கும் கதவு திறக்காது. லிப்வர்டின் க்யூஎம்யூ அமைப்புக் கோப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் கீபோர்டை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள், நீங்கள் எழுதும் பட்டியல் பழையதற்குப் பதிலாக வந்து உட்கார்ந்துவிடும். 'நல்', 'ஜீரோ', 'ரேண்டம்' எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

கண்ணெதிரே இருக்கும் கோப்பையே 'நோ சச் ஃபைல்' என்று சொன்னால்? க்யூஎம்யூவுக்கு லிப்வர்ட் தனியாக ஒரு 'டெவ்' அடைவு அமைத்துக் கொடுக்கிறது, அதில் உங்கள் கீபோர்டு இல்லை. மருந்து அதே பட்டியல்தான்.

2021-இல் வந்த லிப்வர்ட் 7.4 முதல், மெஷினின் அமைப்பை எழுதிவைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் 'ஈவ்டெவ்' வகை உள்ளீடாக எழுதினாலே போதும், அனுமதி வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஈவன்ட்3 என்று எழுதாதீர்கள். மறுதொடக்கத்தில் அது ஈவன்ட்5 ஆகலாம். அதே 'இன்புட்' அடைவுக்குள் இருக்கும் 'பை-ஐடி' அடைவில் கம்பெனிப் பெயரோடு 'கேபிடி' என்று முடியும் நீளமான பெயர் இருக்கும், அதை எழுதுங்கள்.