மைலோ டின்னில் ஏழு பல்புகள்

தீபாவளிக்கு வீடு ஒதுக்கும்போது அலமாரி மேலே ஒரு பழைய மைலோ டின் கிடைத்தது. குலுக்கினால் கண்ணாடிச் சத்தம். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஏழு சுருள் பல்புகள் (சி.எஃப்.எல்.), எல்லாம் செத்தவை என்றுதான் நினைத்தேன். "அதுல பாதரசம் இருக்குய்யா, குப்பையில போடாத" என்றார் அப்பா. சரி, பிறகு எங்கே போடுவது என்று கேட்டேன். "அது தெரியாமத்தானே டின்னுல போட்டு வெச்சிருக்கேன்."

அப்பா தோட்டத்தில் வயர்மேனாக இருந்தவர். பழக்கம் விடுமா? ஒவ்வொரு பல்பின் வெள்ளைக் கழுத்திலும் பேனாவால் குறித்திருந்தார்: எந்த அறை, எப்போது மாட்டினது, எப்போது போனது. எல்லாமே ஒரே கடையில் வாங்கிய ஒரே ரகம். பெட்டியில் 8,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. ஆனால் நடுக்கூடத்துப் பல்பு கிட்டத்தட்ட ஆறு வருடம் ஓடியிருக்கிறது. குளியலறையில் மாட்டியது பதினோரு மாதம். வாசல் விளக்கு ஒன்பதே மாதம். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள் இப்படியா ஆளுக்கொரு விதமாகப் போவார்கள்?

அதற்குமுன் இந்தப் பல்பு எங்கள் வீட்டுக்கு வந்த கதை. எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். படிவத்தில் அப்படி எழுதுவோம், வாயில் பெர்ஜுந்தைதான். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் உறுமத் தொடங்கி ராத்திரி நின்றுவிடும். அதன்பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடி வந்ததும் இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம், கூடவே மாதா மாதம் பில்.

2008 அக்டோபரிலிருந்து 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகாத வீட்டு பில்லை அரசாங்கமே கட்டும் என்றார்கள். அப்போது, மாதத்தின் முதல் 200 யூனிட்வரை யூனிட் ஒன்றுக்கு 21.8 சென். கணக்குப் போட்டால் 91 யூனிட்டுக்குள் மாதத்தை ஓட்டினால் பில் இல்லை. வீட்டில் நாலு 60 வாட் குண்டு பல்பு, ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். மாதத்துக்கு 36 யூனிட் அதற்கே போய்விடும். அதே வெளிச்சத்தை 14 வாட் சுருள் பல்பு தரும். நாலுக்கும் சேர்த்து 8.4 யூனிட். மிச்சமான 27 யூனிட் சொச்சத்தில் ஒரு சின்ன ஐஸ் பெட்டியை ஓட்டிவிடலாம். இருபது வெள்ளிக் கோட்டைத் தாண்டாமல் எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டி ஓடியது இந்த நாலு பல்பின் புண்ணியத்தில்தான்.

குண்டு பல்பு ஏன் அவ்வளவு தின்றது? அது விளக்கு வேடம் போட்ட அடுப்பு. டங்ஸ்டன் கம்பியை வெள்ளையாகத் தகதகக்கக் காய்ச்சுகிறோம். வாங்கிய மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மாதிரிதான் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மீதியெல்லாம் சூடு. சுருள் பல்பில் கம்பியைக் காய்ச்சி வெளிச்சம் எடுக்கும் வேலையே இல்லை. அது நம் கலிமந்தாங் லைட்டுக்கு, அதாவது டியூப் லைட்டுக்கு, தம்பி: அதே குழாயை மெலிதாக்கி, வளைத்து, முறுக்கிக் கழுத்தில் சொருகியிருக்கிறார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976-இல், ஜெனரல் எலக்ட்ரிக்கில் எட்வர்ட் ஹாமர் என்ற பொறியாளர் இந்தச் சுருளை வடிவமைத்தார். கண்ணாடியை அப்படி முறுக்கும் இயந்திரத்துக்குச் செலவு கூடுதல் என்று நிறுவனம் அதை ஓரங்கட்டிவிட்டது. 1980-இல் பிலிப்ஸ் வேறொரு வடிவத்தில் கடைக்குக் கொண்டுவந்தது.

குழாய்க்குள் இருப்பது கொஞ்சம் ஆர்கான் போன்ற வாயுவும் துளியூண்டு பாதரசமும். இரு முனையிலிருந்தும் எலக்ட்ரான்கள் பாய்ந்து பாதரச ஆவி அணுக்களை மோதுகின்றன. அடி வாங்கிய அணு தன் நிலைக்குத் திரும்பும்போது 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரை உமிழும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. குழாயின் உட்புறத்தில் பூசிய வெள்ளைப் பொடி அதை வாங்கி, காணும் ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. ஐந்து வெள்ளி நோட்டைக் கொடுத்து இரண்டு வெள்ளிச் சாமான் வாங்கிக்கொண்டு மிச்சம் கேட்காமல் வருவது போன்ற வியாபாரம் இது. புறஊதா ஒளித்துகளில் இருக்கும் ஆற்றல் 4.9 எலக்ட்ரான் வோல்ட். வெளியே வரும் பச்சை ஒளித்துகளில் 2.3-தான். மீதி சூடாகிறது. இவ்வளவு நஷ்டத்துக்கும் பிறகு குண்டு பல்பைவிட நாலு மடங்கு லாபம் என்றால், அந்தக் குண்டு பல்பு எவ்வளவு ஊதாரி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வெள்ளைப் பொடி ஒன்றல்ல, மூன்று. சிவப்புக்கும் நீலத்துக்கும் யூரோப்பியம் கலந்தவை, பச்சைக்கு டெர்பியம் கலந்தது. வீட்டில் பழைய பாட்டு சிடி இருந்தால் அதன் பளபளப்பான பக்கத்தில் பல்பின் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். குண்டு பல்பு வானவில்லை இடைவெளியில்லாமல் காட்டும். சுருள் பல்பு நிறங்களைத் தனித்தனிப் பட்டையாக, நடுவில் இருட்டு விட்டுக் காட்டும். ஜவுளிக்கடையில் ஒரு நிறமாக வாங்கிய சேலை வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிவது இந்த இடைவெளிகளால்தான். அம்மா பல வருடம் கடைக்காரரைத் திட்டியிருக்கிறார்.

இனி கழுத்து. மின்சாரம் பாயத் தொடங்கிவிட்ட வாயுவுக்குத் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரியாது. ஓட்டம் கூடக் கூட அதன் தடை குறையும். தடை குறைந்தால் ஓட்டம் இன்னும் கூடும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி பிரேக் இல்லாமல் மேட்டிலிருந்து இறங்குவது மாதிரி. பிடித்து நிறுத்த ஒரு பாலாஸ்ட் வேண்டும். கலிமந்தாங்கில் அது தனியாக, கனமான இரும்புக் கட்டியாக உட்கார்ந்திருக்கும். சுருள் பல்பில் அந்த வேலையைச் செய்யும் மின்னணுச் சுற்று முழுவதும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கழுத்துக்குள். வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. இது அதை நேராக்கி, மறுபடி வெட்டி, பல்லாயிரம் சுற்றாக்கிக் குழாய்க்கு அனுப்பும். பழைய கலிமந்தாங்கின் துடிப்பும் இரைச்சலும் இதில் இல்லாததற்குக் காரணம் அதுதான். சாவும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது.

அப்பாவின் குறிப்புகளுக்கு வருவோம்.

குளியலறைப் பல்பு. எங்கள் வீட்டில் அப்போது ஏழு பேர். ஒரு நாளைக்கு இருபத்தைந்து தடவையாவது சுவிட்சைத் தட்டியிருப்போம். ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம். பதினோரு மாதத்தில் அது எரிந்தது எழுநூறு மணி நேரம்கூடத் தேறாது. ஆனால் எட்டாயிரம் தடவைக்கு மேல் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. முனைக் கம்பிகளில் எலக்ட்ரான் எளிதாகக் கிளம்ப பேரியம் கலந்த ஒரு பூச்சு இருக்கும். மலிவான பல்பில் முனை சூடாகும்வரை காத்திருக்காமல் அடித்துப் பற்றவைக்கிறார்கள். ஒவ்வொரு அடியிலும் பூச்சு கொஞ்சம் சிதறும். அப்பாவின் பல்பில் குழாயின் இரு நுனியும் கரி பிடித்திருந்தன. ஆய்வகத்தில் ஆயுளைச் சோதிப்பவர்கள் ஒரு தடவை போட்டால் மணிக்கணக்கில் எரியவிடுகிறார்கள். எங்கள் குளியலறை அவர்கள் கணக்கிலேயே இல்லை. இன்னொன்று: பெட்டியில் போடும் ஆயுள் சோதனைக்கு வைத்த பல்புகளில் பாதி செத்துப்போகும் நேரம். நம் கைக்கு வருவது எந்தப் பாதி என்று யாருக்குத் தெரியும்?

தவிர, போட்டவுடன் இது முழு வெளிச்சம் தராது. பாதரசம் சூடேறி ஆவியாக வேண்டும். அதற்குள் குளித்து முடித்து வந்துவிடலாம்.

வாசல் பல்பு இரண்டு, இரண்டும் ஒன்பது பத்து மாதத்தில் போனவை. ராத்திரி முழுதும் எரிபவை, அடிக்கடி தட்டுவது கிடையாது. ஆனாலும் போனதற்குக் காரணம், அழகுக்கு மாட்டிய மூடிய கண்ணாடிக் கூண்டு. தகரக் கூரைக்கு அடியில், தலைகீழாகத் தொங்கும் பல்பின் சூடெல்லாம் மேலே ஏறிக் கழுத்தில்தான் முட்டும். உள்ளே மின்தேக்கி ஒன்று இருக்கிறது. அதற்குள் இருப்பது ஈரப்பசையான ரசாயனம். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பொதுக் கணக்கு. 25 டிகிரி அறையில் சோதித்த பல்பை நாம் இட்லிச் சட்டியில் வைத்து மூடினோம். அப்பா கடைசியில் கூண்டைக் கழற்றி எறிந்தார். அடுத்த பல்பு மூன்று வருடம் ஓடியது. அதுவும் டின்னில் இருக்கிறது. சமையலறைப் பல்பின் கதை சின்னது: பக்கத்தில் இடி விழுந்த சாயங்காலம் போனது.

பாட்டி அறைப் பல்பு சாகாமலே கழற்றப்பட்டது. அணைத்த பிறகும் ராத்திரியில் விட்டு விட்டுக் கண் சிமிட்டியது. பாட்டி முனியாண்டி நடமாட்டம் என்று முடிவு கட்டி, அடுத்த வெள்ளிக்கிழமை சேவல் வரை பேச்சு போய்விட்டது. குற்றவாளி, இருட்டில் தெரியட்டும் என்று சுவிட்சில் வைத்திருந்த சின்னச் சிவப்பு விளக்கு. அணைத்த நிலையிலும் அதன் வழியாக நூலளவு மின்சாரம் கசியும். குண்டு பல்பு இருந்தவரை அதைச் சட்டை செய்யவில்லை. சுருள் பல்பிலோ அந்தக் கசிவு மின்தேக்கியில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, நிறைந்ததும் ஒரு மினுக்கு. பிறகு மறுபடி சேரும். அப்பா சிவப்பு விளக்கில்லாத சுவிட்சை மாட்டினார். சேவல் பிழைத்தது. கழற்றிய பல்பைத் திரும்ப மாட்டப் பாட்டி சம்மதிக்கவில்லை, கடைசிவரை.

நடுக்கூடத்துப் பல்பு, திறந்த தொங்கல், இரவு ஏழுக்குப் போட்டால் பதினொன்றுக்கு அணைப்பது. 2009 பிப்ரவரி முதல் 2014 நவம்பர் வரை. பெருக்கிப் பார்த்தால் 8,400 மணி நேரம் வருகிறது. பெட்டியில் போட்டது பொய்யில்லை, இடம்தான் முக்கியம்.

பாதரசத்துக்கு வருகிறேன். இந்த அளவு பல்பில் பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள். பழைய காய்ச்சல் கண்ணாடியில் (தெர்மாமீட்டரில்) அரை கிராம், அதாவது நூறு மடங்கு. பல்பு எரியும்போது ஒன்றும் வெளியே வராது. உடைந்தால் ஆட்களையும் பூனையையும் வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, ஏர்கானை அணைத்து, பத்து நிமிடம் கழித்து உள்ளே போங்கள். துடைப்பமும் வேக்கூமும் தொடவே கூடாது. பொடியை வீடு முழுக்கப் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் வழித்து, ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போடுங்கள்.

நிலக்கரியிலும் பாதரசம் உண்டு, காப்பார் மின்நிலையத்தில் நிலக்கரி எரிகிறது, ஆகவே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் பல்பு மொத்தத்தில் பாதரசத்தைக் குறைக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. கணக்காக அது சரி. ஆனால் புகைக்கூண்டிலிருந்து குறைவதும் படுக்கையறையில் சிந்துவதும் ஒன்றா? எனக்கு அதைவிடப் பெரிய கவலை எங்கள் பக்கத்து வழக்கம்தான்: கொல்லையில் குழி தோண்டிக் குப்பையைக் கொளுத்துவது. பல்பு அந்தத் தீயில் விழுந்தால் பாதரசம் ஆவியாகி, துணி காயப்போட்டிருக்கும் பக்கத்து வீட்டுக் கொடிவரை வரும்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் 2022-இல் கூடி, பாலாஸ்டோடு வரும் 30 வாட் வரையிலான சுருள் பல்புகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025-க்குள் நிறுத்துவதென முடிவெடுத்தன. எல்.இ.டி. வந்துவிட்டது, பாதரசம் கிடையாது, போட்டவுடன் வெளிச்சம், எத்தனை தடவை தட்டினாலும் கோபிக்காது. ஆனால் அதன் கழுத்திலும் மின்தேக்கி உண்டு, மூடிய கூண்டில் அதுவும் வேகும். 14 வாட்டை 9 வாட்டாக மாற்றினால் மாதத்துக்கு ஒரு பல்பில் முக்கால் யூனிட்தான் மிச்சம். அதற்காக எரிகிற சுருள் பல்பைக் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். குளியலறையில் மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும் பாதரசக் கழிவுக்கு, ஆபத்தான கழிவுகளுக்கான 2005 விதிகளில் எஸ்டபிள்யூ 109 என்று எண் கொடுத்து, உரிமம் உள்ளவர்தான் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் அலமாரி டின்னுக்கு எண் ஏதும் இல்லை. பட்டணத்தில் சில பெரிய கடைகளில் பழைய பல்புக்கென்று பெட்டி பார்த்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது கொண்டுபோகலாம் என்று டின்னைக் காரில் வைத்தேன். அப்பா பின்னாலேயே வந்து திறந்து, பாட்டி அறைப் பல்பை மட்டும் எடுத்துக்கொண்டார். "இது இன்னும் எரியும்யா" என்று கொண்டுபோய்க் கோழிக் கூண்டில் மாட்டியிருக்கிறார்.