மாத்திரை ஆரம்பித்ததும் கால் வீங்குவது ஏன்?

"யூரிக் ஆசிட் குறைய மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவது வாரமே கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடலாமா?" கௌட் (யூரிக் அமிலப் படிகம் மூட்டில் படிவதால் வரும் வாதம்) உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. உடம்பில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். மூட்டு மட்டும் வீங்கினால் நிறுத்தக் கூடாது. பெரும்பாலும் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம்தான் அந்த வீக்கம்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். டிஎன்ஏவிலும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபியிலும் இருக்கும் பியூரின் என்ற பொருள் உடையும்போது, சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைக் கடைசியில் யூரிக் அமிலமாக்குகிறது. பெரும்பாலான பாலூட்டிகள் யூரிகேஸ் என்ற நொதியால் அதையும் உடைத்துக் கரைத்துவிடும். நம் குரங்கு மூதாதையர் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே அந்த மரபணுவைத் தொலைத்துவிட்டார்கள். போதாததற்கு, சிறுநீரகம் வடிகட்டும் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை அதுவே திரும்ப எடுத்துக்கொள்கிறது. கௌட் வந்தவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் அளவுக்கு மீறி உற்பத்தியாவது அல்ல, சரியாக வெளியேறாததுதான்.

37 டிகிரி செல்சியஸில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராம் வரை யூரேட் (ரத்தத்தில் யூரிக் அமிலம் இருக்கும் வடிவம்) கரைந்திருக்கும். 30 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 4.5 தான். உடம்பின் நடுப்பகுதியிலிருந்து எட்டத்தில், குளிர்ந்து கிடக்கும் கால் கட்டைவிரல் மூட்டு முதலில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

அங்கே படிவது சோடியம் யூரேட், ஊசி வடிவப் படிகமாக. மூட்டு நீரை ஊசியால் எடுத்து முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் வைத்தால் பளிச்சென்று தெரியும். நுண்ணோக்கியில் செருகும் ஈடுசெய் தகட்டின் அச்சுக்கு இணையாகக் கிடக்கும் ஊசி மஞ்சளாகவும், குறுக்கே கிடப்பது நீலமாகவும் மின்னும். சில ஊசிகள் வெள்ளையணுவின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். கௌட்டை உறுதிசெய்ய இதைவிட நம்பகமான சோதனை கிடையாது. வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் சாதாரணமாகவே காட்டலாம்; அதை நம்பி "கௌட் இல்லை" என்று முடிவு கட்டாமல், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

இந்தப் படிகங்கள் குருத்தெலும்பின் மேல் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். புரதங்கள் போர்த்தியிருப்பதால் நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மாத்திரையால் ரத்தத்தில் யூரேட் குறைந்தால் படிகம் மேற்பரப்பிலிருந்து கரையத் தொடங்குகிறது. கல் சுவரில் பூச்சு உதிர்வது போல, பிடி தளர்ந்த படிகத் துண்டுகள் போர்வை கழன்று மூட்டு நீருக்குள் விழுகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் நோயெதிர்ப்புச் செல் அவற்றை விழுங்கிப் பார்க்கிறது, செரிக்க முடியவில்லை. உள்ளே என்எல்ஆர்பி3 இன்ஃபிளமசோம் என்ற புரதக் கூட்டு முடுக்கிவிடப்பட்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் செய்தி வெளியே பாய்கிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் ச்சாப் குழு இதை 2006இல் கண்டுபிடித்தது. அழைப்பு கேட்டு நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் படையெடுத்து வருகின்றன. படுக்கை விரிப்பு பட்டால்கூடத் தாங்காத வலி அப்படித்தான் வருகிறது. யூரேட் ஒரேயடியாகச் சரிந்தால் உதிர்வும் ஒரேயடியாக நடக்கும்.

ஆகவே மெதுவாக இறக்குவதே முறை. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையான அலோப்யூரினால் தினம் 100 மில்லிகிராமில் தொடங்கும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் 50இல். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, யூரேட் டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை படிப்படியாக ஏற்றுவார்கள். தோலடியில் யூரேட் கட்டிகள் இருந்தால் இலக்கு 5. எல்லோருக்கும் 300 என்று எழுதிவிட்டு அளவே பார்க்காமல் விடுவதுதான் நடைமுறையில் அதிகம் காணும் தவறு. எச்எல்ஏ-பி*58:01 மரபணு இருப்பவர்களுக்குக் கடுமையான தோல் எதிர்வினை வரலாம். அது பரவலாக இருக்கும் சில கிழக்கு ஆசிய மக்களிடம் முன்பே சோதிக்கிறார்கள். ஏற்கெனவே அலோப்யூரினால் எடுப்பவர், வலி வந்த நாளிலும் அதைத் தொடர வேண்டும்.

படிகம் உதிரும் காலத்தில் வீக்கம் வராமல் காக்கும் மாத்திரை கால்ச்சிசின்: தினம் 0.5 மில்லிகிராம் அளவில் 3 முதல் 6 மாதம். செல்லின் நுண்குழாய்களைக் கட்டவிடாமல் செய்து நியூட்ரோஃபில்களின் நடமாட்டத்தை முடக்குகிறது. வலி வந்தே விட்டால் முதல் 12 மணி நேரத்துக்குள் 1 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.5, அன்றைக்கு அவ்வளவுதான். பேதியாகும்வரை மணிக்கொரு மாத்திரை கொடுத்த பழைய வழக்கத்தால் பலன் கூடவில்லை, அவதிதான் கூடியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கும் அளவு மாறும். சிலருக்குக் கொடுக்கவே கூடாது. செங்காந்தள் கிழங்கிலும் இதே நஞ்சு இருக்கிறது. "இயற்கை மருந்து" என்று அரைத்துச் சாப்பிட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

உணவைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு அதற்குச் செல்வாக்கு இல்லை. கறாரான பத்தியம்கூட யூரேட்டை ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் குறைக்கும்; 9இல் இருப்பவருக்கு அது போதாது. பீர், சர்க்கரை பானம், ஈரல் ஆகியவற்றைக் குறைப்பது நியாயம். பருப்பையும் கீரையையும் விலக்கச் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. பட்டினி கிடந்து எடை குறைப்பது எதிர்மாறாகப் போகும்: அப்போது உண்டாகும் கீட்டோன்கள் சிறுநீரகத்தில் யூரேட்டை வெளியேறவிடாமல் தடுக்கும். தயசைடு வகை நீரிறக்க மாத்திரையும் யூரேட்டை ஏற்றும். ரத்த அழுத்தத்துக்கு அதைச் சாப்பிடுகிறவர், வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

படிகம் முழுதாகக் கரைய மாதங்கள் ஆகும், கட்டி பெரிதாக இருந்தால் வருடங்கள். கால்ச்சிசினை முதல் சில மாதங்களோடு விட்டுவிடலாம். அலோப்யூரினாலை விட்டால் யூரேட் மறுபடி 6.8ஐத் தாண்டும், அதே மூட்டில் ஊசிகள் மறுபடி வளரத் தொடங்கும்.