‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதிவிட்டால் பொய்யும் விலைபோகுமா?

‘கெல்வின் அன்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்த பித்தளைத் திசைகாட்டி ஒன்று ஏலத்துக்கு வந்தால் தயவுசெய்து கையைத் தூக்காதீர்கள். கெல்வின் வேறு, ஹியூஸ் வேறு என்று இருந்த இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகி அந்தப் பெயரை எடுத்ததே 1947 இல்தான். பிறக்காத கம்பனி முப்பது வருடம் முன்னதாகத் திசைகாட்டி செய்திருக்க முடியாது. இந்தியாவில் அலங்காரத்துக்காகச் செய்யப்படும் இந்தச் சாமான் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை.

போன மாதம் சட்டத்தரணியான என் மேசைக்கு வந்தது அப்படிச் சொல்லி விற்கப்பட்டதல்ல. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் அண்ணன் ஒருவர், வரவேற்பறையில் வைக்கவென்று இணைய ஏலத்தில் அதை எடுத்திருக்கிறார். விபரப்பட்டியலில் இருந்த வசனம்: “பிரித்தானியக் கடற்படை திருகோணமலை டொக்யார்டில் பாவித்தது. 1942 குண்டுவீச்சில் தப்பியது.” அவருடைய விடுதிக்கு வந்த வெள்ளைக்காரப் பயணி ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

வழக்குப் போடலாமா என்று கேட்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். இல்லை. “அவங்கள் முதலே ‘உள்ளது உள்ளபடி’ எண்டு போட்டிருக்கிறாங்கள் சேர். இனி என்னத்தைக் கேக்கிறது? என்ர விதி” என்று சொல்லிவிட்டு, வேறொரு காணி விஷயம் பேச ஆரம்பித்துவிட்டார். இந்த வருடம் இதே வசனத்தை என்னிடம் சொன்ன முதல் ஆள் இவர் இல்லை. ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் சொன்னார். வங்கி உத்தியோகத்தர் சொன்னார். படித்தவர்கள்தான் கூடுதல் உறுதியோடு சொல்கிறார்கள். ஆகவே இதை ஒருதரம் விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனை பொருளின் நிலையைப் பற்றியது. கண்ணாடி கீறியிருக்கிறதா, முள் அசையாமல் நிற்கிறதா, மூடி நெளிந்திருக்கிறதா, அதெல்லாம் உங்கள் பாடு. அது என்ன பொருள் என்பதை அந்த நிபந்தனை தொடுவதில்லை. லீசிங் கம்பனி பறிமுதல் செய்த வாகனங்களை ஏலம் விடும்போது நம் ஆட்கள் போய் எடுக்கிறார்கள்தானே? டயர் தேய்ந்திருந்தது, எஞ்சின் புகைத்தது என்று திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்க முடியாது. சரி. ஆனால் பட்டியலில் ‘லான்சர்’ என்று போட்டு, பணம் கட்டிய பிறகு உறையை நீக்கினால் உள்ளே ‘மாருதி’ நின்றால், ‘உள்ளது உள்ளபடி’ என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டி வருவீர்களா? வர மாட்டீர்கள். கார் விஷயத்தில் விளங்குவது திசைகாட்டியில், முத்திரையில், கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் மட்டையில் ஏன் விளங்காமல் போகிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

நமது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விபரித்து விற்கப்படும் பொருள் அந்த விபரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. ஏலத்துக்கு அதில் விலக்கு இல்லை. வெளிப்படையான உடன்பாட்டின் மூலம் இந்தப் பாதுகாப்பை நீக்க அதே சட்டம் இடம் கொடுக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு மிகத் தெளிவான சொற்கள் வேண்டும். அடியில் எறும்பெழுத்தில் போட்ட இரண்டு சொல் அந்த வேலையைச் செய்துவிட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது விற்றவரின் தலைவலி, உங்களுடையதல்ல. பொய் என்று தெரிந்துகொண்டே எழுதியிருந்தால் எந்த நிபந்தனையும் அவரைக் காப்பாற்றாது. அது தண்டனைச் சட்டக்கோவையின் வஞ்சனைப் பிரிவுகள் வரை போகக்கூடிய விஷயம்.

கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் அடுத்ததாக வரும் பதில் எனக்கு மனப்பாடம். “நாங்கள் விற்பவரின் முகவர் மட்டுமே.” பாதி உண்மை. ஏலதாரர் முகவர்தான். ஆனால் யாருடைய முகவர் என்று பெயர் சொல்லாமல் ஒளித்து விற்றால், ஒப்பந்தத்துக்கு அவரே பதில் சொல்ல வேண்டி வரலாம். தானே கதை கட்டியிருந்தால் தன் பொய்க்குத் தானே பொறுப்பு. வாங்குபவரிடமும் விற்பவரிடமும் கொமிஷன் எடுத்துவிட்டு, பிழை வந்ததும் வெறும் தபால்காரன் வேடம் போடுவதை எதிர்த்து நான் எந்த மாவட்ட நீதிபதி முன்னும் வாதிடத் தயார்.

வெளிநாட்டுப் பெரிய ஏலக்கூடங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பாருங்கள். கிறிஸ்டீஸ் தன் நிபந்தனைகளில் 5 ஆண்டு உத்தரவாதம் கொடுக்கிறது. ஆனால் விபரிப்பின் முதல் வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டதற்கு மட்டும். கீழே வரும் சுவையான கதைக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கஞ்சத்தனம்தான், ஆனால் எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை என்பது வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரியும். சொதபீஸ் ஊடாக 2011 இல் 1 கோடி டொலருக்கு மேல் விலைபோன, 17 ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியத்தில், 20 ஆம் நூற்றாண்டில்தான் முதன்முதலில் கிடைத்த சாயம் ஆய்வில் அகப்பட்டது. நிறுவனம் வாங்கியவருக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு விற்ற தரப்பைத் துரத்தி வழக்காடி லண்டனில் வென்றது. முகவர் என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை.

அங்கேயும் எல்லாரும் உத்தமர் இல்லை. அமெரிக்காவின் மிகப் பேர்போன பேஸ்போல் அட்டை, ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் படம் போட்டது, 2007 இல் 28 இலட்சம் டொலருக்குப் போனது. அதன் ஓரங்களைத் தானே வெட்டி நேர்த்தியாக்கியதாக ஏலக்கூட உரிமையாளர் பில் மாஸ்ட்ரோ 2013 இல் ஒப்புக்கொண்டார். தன் ஏலங்களில் போலியாக ஏலம் கேட்க வைத்து விலை ஏற்றியதும் அந்த வழக்கில் அடக்கம். 2015 இல் 20 மாதச் சிறை. அந்த அட்டை தரச்சான்றிதழோடு முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சான்றிதழ்! விடுதிக்கார அண்ணனிடமும் ஒன்று இருக்கிறது. தங்க நிற முத்திரை, சிவப்பு நாடா எல்லாம் உண்டு. கையொப்பம் யாருடையது? ஏலக்கூடத்தின் முகாமையாளருடையது. விற்பவரே தன் பொருளுக்குக் கொடுக்கும் சான்றிதழ், கடைக்காரர் தன் பற்றுச்சீட்டை இரண்டாம் தரம் கொஞ்சம் அழகான தாளில் அச்சிட்டுக் கொடுப்பதுதான். 1859 இன் நாலு பென்ஸ் இலங்கை முத்திரையை யாராவது நீட்டினால், லண்டன் ரோயல் முத்திரைச் சங்கம் போன்ற ஒரு மூன்றாம் தரப்பின் சான்று எங்கே என்று கேளுங்கள். 1996 உலகக்கிண்ண அணி கையெழுத்திட்ட மட்டை என்றால், முதலில் கையெழுத்து அச்சடித்ததா, பேனாவால் போட்டதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். பாதி அங்கேயே கழன்றுவிடும்.

நமது திருகோணமலையின் பெயரே இப்போது ஒரு விற்பனைச் சரக்கு. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கி மூழ்கியது. வரலாறு உண்மை. அதனால்தான் பொய்யை அதில் ஒட்டுவது சுலபம். தாக்குதல் நடந்ததற்கு ஆதாரம் காட்டினால், இந்தத் திசைகாட்டி அங்கே இருந்ததற்கு ஆதாரம் காட்டியதாக ஆகாது. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சங்கிலி வேண்டும். பெயர், ஆண்டு, பழைய படம், பற்றுச்சீட்டு, ஏதாவது ஒன்று.

இன்னொரு பொறி, நம் ஊருக்கே உரியது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனிக் காசுகள். கம்பனியின் இலச்சினைக்கு மேல் திருகோணமலையைக் குறிக்கும் ‘T’ எழுத்துள்ள செப்புக்காசுக்கு வெளியூரில் நல்ல கிராக்கி. போலியும் தாராளம். ஆனால் காசு மெய்யாக இருந்தால் மட்டும் நிம்மதி என்று நினைக்காதீர்கள். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முற்பட்டதைத் தொல்பொருள் என்கிறது. மண்ணுக்குள் இருந்து கிண்டி எடுத்தது அரசின் சொத்து. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஏலக்கூடம் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாதவர் ஒன்றில் அறியாதவர், அல்லது அது போலி என்று நன்றாக அறிந்தவர்.

சரி, என்ன செய்யலாம்? ஏலம் முடியும் முன் விபரப்பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், திகதியும் நேரமும் தெரிய. விற்ற மறுநாளே அந்த வசனம் மாறியிருந்த வழக்கை நான் பார்த்திருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து வந்த நானா ஒருவர் ஒவ்வொரு வட்ஸ்அப் செய்தியையும், குரல்பதிவு உட்பட, அழிக்காமல் வைத்திருந்தார். ஒரே ஒரு கோரிக்கைக் கடிதத்தோடு அவருடைய பணம் திரும்பியது. மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க 2006 இன் 19 ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. விற்பவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். ‘இன்னாருடையதாகக் கருதப்படும்’, ‘அக்கால பாணியில்’ என்ற சொற்களைக் கண்டால் அது உத்தரவாதமல்ல, பின்வாங்கும் வழி. ஒரே கணக்கு திரும்பத் திரும்ப உங்களுக்கு மேலே கேட்டு விலையை ஏற்றுகிறதா? விற்பவர் முன்னறிவிப்பில்லாமல் தன் ஆளை வைத்துக் கேட்பதைச் சட்டம் வஞ்சகமாகக் கருத இடமளிக்கிறது. சுத்தியல் விழும் முன் நீங்கள் கேட்ட ஏலத்தொகையைத் திரும்பப் பெறலாம், யாரும் தடுக்க முடியாது.

சந்தேகம் வந்தால் உடனே எழுத்தில் அறிவியுங்கள், பொருளை ஏற்கவில்லை என்று. இதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். நியாயமான காலத்துக்கு மேல் பொருளைப் பேசாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு திருப்பிக் கொடுக்க முடியாது, நட்டஈடு மட்டும் கேட்கலாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடக் கால எல்லை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி ஆறுதலாக இருக்காதீர்கள்; பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவதென்றால் விற்பனை நடந்து மூன்று மாதம்தான். தொலைபேசி 1977. தொழிலாகவே ஏலம் நடத்துகிறவர் அந்த அதிகாரசபையின் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று அவர் சொல்வதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஏலம் நடத்துகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கும் ஒன்று. தெரிந்ததை எழுதுங்கள். தெரியாததற்குத் ‘தெரியாது’ என்று எழுதுங்கள். ‘பழைய பாணிப் பித்தளைத் திசைகாட்டி, காலம் உறுதியில்லை’ என்று போட்டிருந்தால் உப்புவெளி அண்ணன் அதை ஐயாயிரத்துக்கு எடுத்துச் சந்தோஷமாக வைத்திருப்பார். நானும் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவருக்குக் கடிதம் போயிருக்கிறது. மூன்று மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. இதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் வரும்போது பொருளையும், அது வந்த பெட்டியையும், பற்றுச்சீட்டையும் கொண்டு வாருங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பொறித்த எழுத்துக்குள் கிடக்கும் அழுக்குக்கூட நிபுணருக்கு வயது சொல்லும்.