காரில் வெளிச்சந்தைப் பாகங்களைப் பொருத்தும் முன்: சட்டம் எதை அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது

சொந்தக் காரை, அதுவும் வேகத்துக்கென்றே வாங்கிய காரை, வீட்டு வாசலில் நிறுத்தி ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றுவதில் ஈடுபாடு கொண்டவர்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள். சைலன்சர், அலாய் வீல், சஸ்பென்ஷன், ஹெட்லைட் என்று, கார் தயாரிப்பாளர் அல்லாத பிறர் விற்கும் எந்த வெளிச்சந்தைப் பாகமாக இருந்தாலும் இணையத்தில் தேடிய சில நாட்களில் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பாகத்தை விற்பது எளிது என்பதாலேயே அதைப் பொதுச் சாலையில் ஓடும் வண்டியில் பொருத்துவது சட்டப்படி சரியென்று ஆகிவிடாது. இந்த வேறுபாட்டை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை. கடைசியில் அபராதம் கட்டுபவர் உரிமையாளர்தான்.

இதற்கு அடிப்படை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. பதிவுச் சான்றிதழில், அதாவது ஆர்.சி.யில், உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. மாற்றம் என்பது வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்றும் அதே பிரிவு விளக்குகிறது. கேரளத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை ஒதுக்கிவிட்டு, முன்மாதிரிக்கு ஒப்புதல் பெற்ற வடிவத்துக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது என்பதை உறுதி செய்தது. ஒவ்வொரு மாடலும் விற்பனைக்கு வருவதற்கு முன் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றில் பிரேக், விளக்கு, புகை, ஒலி என்று சோதிக்கப்பட்டே ஒப்புதல் பெறுகிறது. வீட்டில் நாம் மாற்றும் பாகம் அந்தச் சோதனையின் முடிவைக் கலைக்கிறதா என்பதே சட்டத்தின் கேள்வி.

ஆகவே, பணம் செலுத்துவதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பார்ப்பது நல்லது. இன்ஜின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், இன்ஜினின் கன அளவு, இருக்கைகளின் எண்ணிக்கை, எடை, நிறம், வண்டி உடலின் வகை ஆகியவற்றில் எதையாவது உங்கள் திட்டம் தொடுகிறது என்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. பழுதான இன்ஜினுக்குப் பதிலாக அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினைப் பொருத்தினாலும் புதிய எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும். வேறு மாடலின் பெரிய இன்ஜினை இறக்கி வைப்பது பொதுச் சாலை வண்டிக்கு அனுமதிக்கப்படுவதில்லை. சிவப்பு வண்டியைக் கறுப்பாக்கினால் அந்த நிற மாற்றமும் பதிவாக வேண்டும். கடனில் வாங்கிய கார் என்றால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

விதிவிலக்குகளும் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கிட்டை, அதாவது எரிபொருள் மாற்றுக் கருவித் தொகுப்பை, கொண்டு சி.என்.ஜி., எல்.பி.ஜி. அல்லது மின்கலத்துக்கு மாற்றுவதைச் சட்டம் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தாங்கள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியைத் தகவமைத்துக்கொள்வதற்கும் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. இது சலுகை அல்ல, உரிமை. கைக்கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த விரும்புபவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது சைலன்சரில்தான். சத்தம் கூடுவது ஒரு பக்கம் இருக்க, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை நீக்கிவிட்டு வெறும் குழாயைப் பொருத்துவதுதான் பெரிய தவறு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தச் சிறு பெட்டிதான் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அடக்குகிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்கள் வேறுபாட்டைக் கண்டுபிடித்து இன்ஜின் விளக்கை எரியவிடும்; அந்த எச்சரிக்கையை மென்பொருளில் அணைத்துவிடும் ரீமேப்பும், அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றி எழுதும் வேலையும், சேர்த்தே விற்கப்படுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 என்ற புகை மாசுத் தரத்தில் ஒப்புதல் பெற்ற கார், இப்படிச் செய்த பிறகு அந்தத் தரத்தில் இருப்பதில்லை. ஒலி, காற்று மாசுத் தரங்களை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஓட்டுநர் உரிமத்தையும் இழக்க நேரிடும்.

ஹெட்லைட் விஷயம் இதைவிட எளிதாகத் தோன்றும், ஆனால் எதிரே வருபவருக்கு இதுதான் ஆபத்தானது. ஹாலஜன் எச்4 பல்பில் இரண்டு இழைகள் உள்ளன. லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகத் தடுப்பு இருக்கிறது. அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டே பின்னால் உள்ள பிரதிபலிப்பான் வடிவமைக்கப்படுகிறது. அதே கூட்டுக்குள் எல்.இ.டி. அல்லது எச்.ஐ.டி. (இழையில்லாமல் வாயுவில் மின்வில் மூலம் ஒளிரும்) பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் புள்ளி இடம் மாறி, சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. பல்பின் தரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தக் குறை தீராது.

சக்கரத்தில் ஓரளவு சுதந்திரம் உண்டு, ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 205/55 ஆர்16 டயரின் (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம்) விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 டயருக்கு 634. வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் அதே 16 அங்குல ரிம்மில் 225/55 பொருத்தினால் விட்டம் 654 ஆகிறது. மீட்டர் 100 காட்டும்போது வண்டி சுமார் 103.5 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த மாடலின் உயர் ரகத்துக்குத் தயாரிப்பாளரே கொடுத்திருக்கும் அளவைத் தாண்டாமல் இருப்பதுதான் என் பரிந்துரை. முன்புறத்தில் பொருத்தும் இரும்பு கிராஷ் கார்டு 52ஆவது பிரிவை மீறுவது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குத் தெரிவித்துவிட்டது. பல சுரங்களில் ஒலிக்கும் ஹாரனுக்கும் விதிகளில் இடமில்லை.

இவை போக, அதே அளவுள்ள பிரேக் பேடு, ஏர் ஃபில்டர், இருக்கை உறை, ஸ்டீரியோ போன்றவற்றை நீங்களே மாற்றிக்கொள்வதை எந்தப் பிரிவும் தடுப்பதில்லை. வண்டியைத் தாழ்த்தும் சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை அடிப்படை அம்சம் மாறுகிறதா என்பதில் அதிகாரிக்கு அதிகாரி கருத்து வேறுபடலாம். அதனால் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள்: மூன்று பாகங்களை மாற்றினால் தொகை 15,000 ஆகும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பிறகு சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை அவர்கள் மறுக்கக்கூடும். கழற்றிய அசல் பாகங்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள். பழைய நிலைக்குத் திருப்ப வேண்டி வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

முழு வேகத்துக்கான காரை உருவாக்குவதே உங்கள் ஆசை என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தளத்திலும், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் வண்டி போட்டி விதிகளுக்கு உட்பட்டே ஓடுகிறது. ஆனால் அந்தக் காரைத் தளத்துக்கு ஓட்டிச் செல்லாமல் லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிச் செல்ல வேண்டும். தளத்தின் வாசலைத் தாண்டிப் பொதுச் சாலையில் சக்கரம் பட்டதும் மேலே சொன்ன பிரிவுகள் எல்லாம் அதற்கும் பொருந்தும்.