ரோமிங்: அலைவா, அயல்வலையா?

நீலகிரியின் பந்தலூர் வட்டத்தில் 'டவர்' என்றால் சிக்னல். எருமாட்டிலோ சேரம்பாடியிலோ ஒருவர் "கேரளா டவர் எடுக்குது" என்று சொன்னால், அவர் சொல்வதைத்தான் போனின் அமைப்புப் பக்கம் 'ரோமிங்' என்கிறது. வயநாடு அங்கே கூப்பிடு தூரம். முதுமலைப் பக்கம் தெப்பக்காட்டைத் தாண்டிப் போனால் பந்திப்பூர், கர்நாடகம்.

நம் சிம்முக்கு உரிய வலையமைப்பு கிடைக்காத இடத்தில், அதனோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் வேறொரு வலையமைப்பு வழியாகப் பேசுவதும் இணையம் பெறுவதும்தான் ரோமிங். நிறுவனம் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் இந்தியாவில் தொலைத்தொடர்பு உரிமம் 22 வட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது. தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் இன்னொன்று. சிம்முக்குள் ஓர் அடையாள எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டுக்குரியது. இந்தியாவுக்கு 404, 405. அடுத்த இலக்கங்கள் வலையமைப்பைக் காட்டும். டவர் அறிவிக்கும் எண்ணும் சிம்மின் எண்ணும் பொருந்தாவிட்டால், சிக்னல் கோடுகளின் பக்கத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து எட்டிப்பார்க்கும். பக்கத்து வட்டத்து எண்ணையும் சொந்தமாகவே கருதும்படி சில நிறுவனங்கள் ஏற்பாடு செய்திருப்பதால், எல்லாப் போனிலும் அது தெரிவதில்லை.

ஆங்கிலத்தில் 'ரோம்' என்றால் குறிப்பிட்ட இலக்கில்லாமல் சுற்றித் திரிவது. ரோமாபுரிக்கு யாத்திரை போனவர்களால் வந்த சொல் என்றொரு கதை உண்டு. சொற்பிறப்பு அறிஞர்கள் அதை ஏற்பதில்லை, வேர் இன்னும் தெளிவாகவில்லை. ஜிஎஸ்எம் என்ற செல்போன் தொழில்நுட்ப வலையமைப்பில் முதல் பன்னாட்டு ரோமிங் ஒப்பந்தம் 1992இல் பின்லாந்து, பிரிட்டன் நிறுவனங்களுக்கு இடையே ஏற்பட்டது.

தமிழில் 'உலாவல்' எனலாம் என்றால், இணைய உலாவி அதை எடுத்துக்கொண்டது. 'அலைவு' இயற்பியல் பாடத்தில் ஊசலுக்கு உரியது. முதுமலையைப் பார்த்தால் யானையின் 'வலசை'கூட நினைவுக்கு வரும், அழகான சொல். ஆனால் மூன்றுக்கும் ஒரே குறை: மூன்றும் ஓர் இடப்பெயர்ச்சியைச் சொல்கின்றன. எருமாட்டில் அடுப்படியில் நிற்கும் அம்மா எங்கேயும் போகவில்லை. அவர் போனுக்கு வேறொரு வலை கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் 'அயல்வலை' என்பதே பொருத்தம் என்பேன். டேட்டா ரோமிங்குக்கு அயல்வலைத் தரவு என்று சொல்லிவிடலாம்.

இதை வெறும் சொல்லாசையாக நினைக்க வேண்டாம். "நான் ஊரைவிட்டே போகலையே, எனக்கு எதுக்கு ரோமிங்?" என்று அந்த டேட்டா ரோமிங் பொத்தானை அணைத்தே வைத்திருப்பவர்கள் எல்லையோர ஊர்களில் உண்டு. அழைப்பு போகும், வரும். வாட்ஸ்அப் மட்டும் அசையாது. 'அயல்வலைத் தரவு' என்று எழுதியிருந்தால், கேரளா டவர் எடுக்கும்போது இது வேண்டும் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள். வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலத்துப் பயமும் ஒரு காரணம், அது நியாயமான பயம்தான். இன்று வழக்கமான திட்டங்களில் நாட்டுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. வெளிநாட்டுக்குத்தான் தனித் திட்டம் வேண்டும். தனுஷ்கோடிக் கரையில் இலங்கை டவர் எடுத்தால் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

சரி, பொத்தான் எங்கே? அமைப்புகள், மொபைல் நெட்வொர்க், ரோமிங். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும். அங்கேயே நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வதா, கையால் தேர்வதா என்றும் இருக்கும். தானாகத் தேரும் நிலையில், அயல்வலையில் இருக்கும் போன் அவ்வப்போது சொந்த வலையைத் தேடிப் பார்க்கும். அந்த இடைவெளி சிம்மிலேயே 6 நிமிட மடங்குகளில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு டவரும் மங்கலாக எடுக்கும் வீட்டில், நன்றாக எடுப்பதைக் கையால் தேர்ந்து வைப்பது உதவும். அப்புறம் ஊட்டிக்குப் போகும் நாளில் மறக்காமல் தானியங்கிக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அங்கே இல்லாத கேரள வலையையே போன் தேடிக்கொண்டிருக்கும்.