கரையும் என்றால் எங்கிருந்து கரையும்?

இந்த வாரமும் ஒருவர் வளைந்துபோன பாகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திரவ ரெசினைத் துளித்துளியாகத் தெளித்து அடுக்கடுக்காக இறுகவைக்கும் இங்க்ஜெட் 3D முறையில் அச்சடித்தது. உள்ளே 1 மில்லிமீட்டர் அகலக் குழாய்கள். பாதிக்கு மேல் சப்போர்ட் கூழ் அடைத்திருந்தது; அச்சாகும்போது வெற்றிடங்களைத் தாங்கி, பிறகு நீக்கப்படும் பொருள்தான் சப்போர்ட். “சப்போர்ட் தண்ணியில கரையும்னுதானே சொன்னீங்க? கரையலை. அதான் கொதிக்கிற தண்ணியில போட்டேன்” என்றார்.

கரையும் என்றுதான் சொன்னோம். எந்த வடிவத்துக்குள்ளிருந்து கரையும் என்று சொல்லவில்லை. சப்போர்ட் ரெசின் உருவாக்கும் எங்கள் மேல்தான் பாதித் தவறு. ஒரு சிறு கனசதுரத்தை அச்சடித்து, கலக்கும் நீரில் போட்டு, இத்தனை நிமிடத்தில் மறைந்தது என்று அறிக்கை எழுதிவிடுகிறோம். அந்தக் கட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் தண்ணீர் ஓடுகிறது. ஒருமுனை மூடிய குழாயில் இருக்கும் கூழுக்கோ ஒரே வாய்தான். அங்கே நீர் அசைவதே இல்லை. அது சர்க்கரைபோல் கரைவதும் இல்லை. முதலில் நீரைக் குடித்து உப்பும். உப்பிய கூழே வழியை அடைக்கும். நீர் தானாக ஊடுருவும் பரவல் ஒன்றை மட்டும் நம்பினால், ஆழம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். உப்பிய வேகத்தில் மெல்லிய சுவர் பிளந்ததையும் பார்த்திருக்கிறேன்.

சூடாக்கினால் வேலை முடியும் என்பது அடுத்த ஆபத்து. இந்த அக்ரிலிக் பாகங்களில் பல 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். தரவுத்தாளைப் பார்க்காமல் சூடான நீரில் போடாதீர்கள். வடிவமைக்கும்போதே குழாயின் மறுமுனையையும் திறந்து வையுங்கள், நீரை உள்ளே ஓடவிடுங்கள். அந்தப் பாகத்தை அப்படித்தான் மீண்டும் அச்சடித்தோம்; அதே சப்போர்ட் சாதாரண நீரிலேயே வெளியேறியது.

ரெசின் உருவாக்கும் தோழர்களே, கனசதுரத்தோடு நிறுத்தாதீர்கள். மூடிய குழாயிலும் மெல்லிய சுவரிலும் சோதியுங்கள். வேகமாகக் கரையட்டும் என்று மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்பைக் குறைத்துக்கொண்டே போனால் மேலே விழும் அடுக்கை அது தாங்காது. அடுக்கின் தடிமனே 16 முதல் 30 மைக்ரான்தான். சற்றே சரிந்தாலும் அளவு கெடும். எல்லையில் இரண்டு ரெசினும் கலந்து பரப்பு மங்குவது தனித் தலைவலி.

இன்னொன்று. கரைந்தது காணாமல் போய்விடவில்லை. ரெசினின் மூலப்பொருளான அக்ரிலேட், வினைபுரியாமல் மிஞ்சியது, அந்தக் கழுவுநீரில் இருக்கக்கூடும்; சாக்கடையில் ஊற்றாதீர்கள், வேதிக்கழிவாகச் சேர்த்து வையுங்கள். தோலுக்கு அக்ரிலேட் ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தடித்துச் சிவக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். ரெசின் பட்டதும் மாற்றுங்கள். அவசரத்தில் வெறும் விரலால் கூழைத் தோண்டாதீர்கள், தயவுசெய்து.