குழந்தையின் கழுத்தும் காரின் வேகமும்

சிங்கப்பூரின் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு டாக்சியில் ஏறும் பாட்டி, பேரனை மடியில் அமர்த்தி, "ஈசூன் வரைக்கும்தானே, நான் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்வதைக் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. அந்தப் பிடி எவ்வளவு தாங்கும், குழந்தைக்கு ஏன் தனிப் பாதுகாப்பு இருக்கை வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சிங்கப்பூரின் சாதாரணச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் எதன்மீதோ மோதி, முன்பகுதி நசுங்கி, 60 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பதற்கு ஆகும் நேரம் வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தக் கணத்தில் காருக்குள் இருக்கும் ஒவ்வோர் உடலும் தன் எடையைப்போல் சராசரியாக 16 மடங்கு விசையோடு முன்னால் பாயும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, சுமார் 130 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் ஐந்து ஒரே நேரத்தில், முன்னறிவிப்பே இல்லாமல், கையிலிருந்து பறிக்கப்படுவதைப் போன்றது அது. எந்தப் பாட்டியாலும் முடியாது. எந்தப் பளுதூக்கும் வீரராலும் முடியாது. வேகம் கூடும்போது மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மத்திய விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது 50-இல் இருந்ததைப்போல் இரண்டரை மடங்காகிவிடுகிறது.

குழந்தையை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு, இருவருக்கும் சேர்த்து ஒரே இருக்கைவாரை மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. இது இன்னும் மோசமானது. அறுபது கிலோ எடையுள்ள தாயின் உடல் அதே 16 மடங்கு கணக்கில் கிட்டத்தட்ட ஒரு டன் விசையோடு முன்னால் வரும். அவருக்கும் வாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது குழந்தை.

2012ஆம் ஆண்டு தொடங்கி, சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்கள் காரில் தங்கள் உடலுக்குப் பொருந்தும் பாதுகாப்பு இருக்கையில்தான் பயணம் செய்ய வேண்டும். வயதை அளவுகோலாகக் கொண்ட பழைய விதி மாறி, உயரம் அளவுகோலானது. அது நல்ல மாற்றம். இருக்கைவார் உடலில் எங்கே படிகிறது என்பது உயரத்தைப் பொறுத்ததே தவிர, பிறந்தநாளைப் பொறுத்ததன்று. ஆனால் இந்த விதியிலிருந்து டாக்சிகளுக்கு விலக்கு உண்டு. செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் கார்களுக்கு அந்த விலக்கு இல்லை. கையைக் காட்டியதும் நிற்கும் டாக்சி ஒவ்வொன்றும் எல்லா வயதுக்குமான இருக்கைகளைச் சுமந்து திரிய முடியாது என்பது நியாயம்தான். ஆனால் பல பெற்றோர் அந்த விலக்கைப் 'டாக்சியில் தேவையில்லை' என்று புரிந்துகொண்டுவிட்டார்கள். அதே சாலையில், அதே வேகத்தில் போகும் டாக்சியிலும் மேலே போட்ட கணக்கு மாறாது. சொந்தக் கார் இல்லாத குடும்பம், இருக்கைவாராலேயே பொருத்தக்கூடிய எடை குறைந்த இருக்கை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது பயன் தரும். அல்லது குழந்தை இருக்கையுடன் வரும் வண்டியைக் கேட்டுப் பதிவு செய்யலாம். அப்போதும் அந்த இருக்கை எந்த உயரத்துக்கு, எந்த எடைக்கு உரியது என்பதை ஏறும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இருக்கை என்ன செய்கிறது? முதலில், குழந்தையைக் காரோடு சேர்த்துக் கட்டுகிறது. கார் நசுங்கும் அந்த அறுபது சென்டிமீட்டர் முழுவதும் குழந்தைக்கும் கிடைக்கிறது. கட்டப்படாத குழந்தை பழைய வேகத்திலேயே பறந்துபோய், முன்இருக்கையின் முதுகிலோ கண்ணாடியிலோ மோதி, சில சென்டிமீட்டருக்குள் நிற்க நேரிடும். ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் விசை 16 மடங்கு அன்று, கிட்டத்தட்ட 200 மடங்கு. அடுத்து, இருக்கை அந்த விசையை உடலில் தாங்கக்கூடிய இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இங்கேதான் இருக்கை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. பெற்றோர் மிக அதிகமாக அவசரப்படுவதும் இந்தக் கேள்வியில்தான்.

குழந்தையின் உடல் நம் உடலின் சிறிய வடிவம் அன்று. பெரியவர்களின் உயரத்தில் தலை ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தைக்கு நான்கில் ஒரு பங்கு. ஒரு வயதுக் குழந்தையின் தலை மட்டுமே இரண்டரை கிலோ அளவுக்கு இருக்கும். அதைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழு எலும்பாகவில்லை. ஒவ்வொரு முள்ளெலும்பும் குருத்தெலும்பால் இணைந்த தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. அவை ஒன்றாக இறுகுவதற்குக் குறைந்தது மூன்று வயதாகும், பலவற்றுக்கு ஆறு வயது வரையும் ஆகலாம். தசைநார்களும் தளர்வானவை. அதனால் முதுகெலும்புத் தொடர் நீண்டு கொடுக்கும். ஆனால் அதற்குள் ஓடும் தண்டுவடம் அவ்வளவு நீளாது. எலும்பில் முறிவே தெரியாமல் தண்டுவடம் சேதமடைவது சிறு குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இப்போது முன்னோக்கி அமர்ந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். கார் மோதுகிறது, வார்கள் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்கின்றன. தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது முன்னால் வீசப்படுகிறது. இரண்டரை கிலோ தலை, 16 மடங்கு விசை: குருத்தெலும்பால் ஆன கழுத்தை 40 கிலோ இழுக்கிறது. பின்னோக்கி அமர்ந்த குழந்தையோ இருக்கையின் முதுகுப்பகுதிக்குள்ளேயே அழுத்தப்படுகிறது. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில், ஒரே நேரத்தில் நிற்கின்றன. விசை முதுகு முழுவதிலும் பரவிவிடுகிறது, கழுத்தை எதுவும் இழுப்பதில்லை.

இந்த யோசனை விண்வெளியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜெமினி விண்கல வீரர்களுக்கான இருக்கை, புறப்படும்போதும் திரும்பும்போதும் விசை முதுகில் பரவும்படி அமைக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பெர்டில் ஆல்ட்மன் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர், அதையே குழந்தைகளுக்கு ஏன் செய்யக்கூடாது என்று யோசித்தார். 1964-இல் பின்னோக்கிய இருக்கையின் முதல் மாதிரி ஒரு வால்வோ காரில் சோதிக்கப்பட்டது. ஸ்வீடனில் இன்றும் நான்கு வயது வரை குழந்தைகளைப் பின்னோக்கி அமர்த்துவது சாதாரண வழக்கம். நம் குடும்பங்களில் முதல் பிறந்தநாள் கேக்கை வெட்டிய கையோடு இருக்கையைத் திருப்பிவிடுகிறோம். குழந்தை இருக்கைகளுக்காக 2013-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா.வின் ஆர்129 தரநிலை, குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே இருக்க வேண்டும் என்கிறது. அது குறைந்த அளவு மட்டுமே. இருக்கை அனுமதிக்கும் உயரமும் எடையும் எட்டும்வரை திருப்பவே வேண்டாம் என்பேன். கடையில் பணம் கொடுக்கும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: இதில் எத்தனை சென்டிமீட்டர் உயரம் வரை பின்னோக்கி அமர்த்தலாம்? தோலுறையும் பானக்குவளை தாங்கியும் பிறகு.

"கால் மடங்கியிருக்கிறதே, வலிக்காதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். குழந்தைகள் தரையில் சம்மணமிட்டும் தவளைபோல் மடக்கியும் மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். அவர்கள் மூட்டுகளுக்கு அது சிரமமில்லை. பின்னாலிருந்து வண்டி மோதினால் என்ன ஆகும் என்பதும் நல்ல கேள்விதான். அப்படிப்பட்ட விபத்தில் இரண்டு வண்டிகளும் பெரும்பாலும் ஒரே திசையில் நகர்வதால், வேக வேறுபாடு மட்டுமே தாக்கும். உயிருக்கு ஆபத்தாக முடிபவை அதிகமும் முன்பக்க, பக்கவாட்டு மோதல்கள். பக்கவாட்டு மோதல் சோதனையையும் கட்டாயமாக்கியது ஆர்129 தரநிலையின் பெரிய முன்னேற்றம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. காற்றுப்பை இயங்கும் முன்இருக்கையில் பின்னோக்கிய இருக்கையைப் பொருத்தாதீர்கள். காற்றுப்பை மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் விரியும். அது நேராக இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால் அறையும்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் தளர்வாகப் பொருத்தினால் பயன் பாதியாகிவிடும். கார் நிற்கத் தொடங்கியபிறகும் அந்தத் தளர்வு முடியும்வரை குழந்தை பழைய வேகத்திலேயே நகர்ந்துகொண்டிருக்கும். பிறகு மீதமுள்ள குறைந்த தூரத்தில் நின்றாக வேண்டும். பொருத்தியபின், வார் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்குமேல் நகரக்கூடாது. இருக்கையைக் காரின் உடலோடு நேரடியாகப் பிணைக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இந்தத் தவறைக் குறைக்கவே வந்தவை. சரியாக இறுக்கிய இருக்கைவாரும் நல்ல பாதுகாப்புத் தரும். குழந்தையின் தோளருகே வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பின்னோக்கிய இருக்கையில் வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும், முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவரும்போது சாய்வையும் கவனியுங்கள். மிக நிமிர்ந்திருந்தால் தலை தொங்கி, முகவாய் நெஞ்சில் படிந்து, மூச்சுப்பாதை மடங்கும். வீடு வந்ததும் அதிலேயே தூங்கவிடாமல் எடுத்துச் சமமாகப் படுக்க வையுங்கள்.

பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்குச் சிக்கல் கழுத்திலிருந்து இடுப்புக்கு மாறுகிறது. பெரியவர்களின் இடுப்பெலும்பின் முன்முனைகள் வாரைப் பிடித்து நிறுத்தும். சிறுவர்களிடம் அந்த முனைகள் இன்னும் திரளவில்லை. வார் வழுக்கி மேலேறி வயிற்றை அறுக்கும். குடலும் கல்லீரலும் தாக்கப்படும். பூஸ்டர் இருக்கை பிள்ளையைச் சில சென்டிமீட்டர் உயர்த்தி, வாரைத் தொடையின் மேற்பகுதியிலும் தோளின் நடுவிலும் படியச் செய்கிறது. ஐரோப்பாவில் பொது வரம்பு 1.5 மீட்டர், நாடுகள் விரும்பினால் 1.35 என்று குறைத்துக்கொள்ளலாம். ஆகவே 1.35-ஐத் தாண்டிய நாளே பூஸ்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதுகு இருக்கையில் ஒட்டியிருக்க, முழங்கால் விளிம்பில் இயல்பாக மடங்க, வார் கழுத்தைத் தொடாமல் தோளில் கிடந்தால், அப்போது எடுத்துவிடலாம்.

பழைய இருக்கைகள் நம்மிடையே அதிகம் கைமாறுகின்றன. அக்காவின் பிள்ளை வளர்ந்துவிட்டது, தங்கைக்குக் கொடுத்தார் என்றால் தவறில்லை. அதன் கதை நமக்குத் தெரியும். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போதுதான் சிக்கல். உள்ளே இருக்கும் நுரை, மோதலின் ஆற்றலைத் தான் நசுங்கி உள்வாங்கும்படி செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. திறந்தவெளி வாகன நிறுத்தத்தில் வருடக்கணக்கில் வெயில் தின்ற பிளாஸ்டிக்கும் நொறுங்கும் தன்மையை அடையும். இருக்கையின் அடியில் தயாரிப்புத் தேதியையும், ஐ.நா. தர எண் அச்சிட்ட ஆரஞ்சு நிற ஒட்டுச்சீட்டையும் தேடுங்கள். எந்த விபத்திலாவது சிக்கியதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். அவர் தயங்கினாலோ சீட்டு கிழிந்திருந்தாலோ, பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.